மூத்த தம்பதியாக வெளிநாட்டு ஊழியம்: எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நானும் என் கணவரும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் மூத்த தம்பதியாக 18 மாதம் வெளிநாட்டில் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பினோம். வந்த நாளிலிருந்து ஆராதனை முடிந்ததும் வாசலில் நிறுத்திக் கேட்கிறார்கள், தொலைபேசியில் கேட்கிறார்கள், ஓய்வு பெறப்போகிற தம்பதிகள் தனியாக வந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். எல்லோரும் பிரசங்கத்தையும் பணத்தையும் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். எங்கள் நாட்களை நிரப்பியவை வேறு விஷயங்கள், அதனால் அவற்றைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

மூத்த தம்பதி ஊழியம்னா என்ன? வெள்ளைச் சட்டை போட்டு ரெண்டு ரெண்டு பேரா போறாங்களே, அந்தப் பசங்க மாதிரியா?

பெயர்ப்பட்டை ஒன்றுதான், வேலை வேறு. அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியில் வருகிறவர்கள், முழு நேரமும் சுவிசேஷம் சொல்வதே அவர்கள் வேலை. நாங்கள் பிள்ளைகளை வளர்த்து முடித்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு போகிறவர்கள். அங்கே இருக்கும் சின்னச் சபைகளுக்குத் துணையாக இருப்பது, ஊழிய அலுவலகத்தை நடத்துவது, மனிதநேயப் பணி, ஆலயப் பணி, கல்வித் திட்டங்கள் என்று பலவிதமான பொறுப்புகள் உண்டு.

பழைய ஆவணங்களைப் படம் பிடிக்கும் ஊழியமும் இருக்கிறது. சபையின் குடும்ப வரலாற்று அமைப்பு 1938இலேயே நுண்படச் சுருளில் பதிவுகளைச் சேமிக்க ஆரம்பித்தது, அப்படிச் சேர்ந்த 24 லட்சம் சுருள்களைக் கணினிப் படங்களாக மாற்றும் வேலை 2021இல் முடிந்தது. இன்றும் தம்பதிகள் ஆவணக் காப்பகங்களில் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் படம் எடுக்கிறார்கள். ஒரு வார்த்தைகூடப் பிரசங்கிக்காமல் முழு ஊழியமும் முடிந்துவிடலாம்.

யார் போகலாம்? வயசு வரம்பு உண்டா?

வயதைவிட நிலைமைதான் முக்கியம். உங்களைச் சார்ந்திருக்கும் பிள்ளைகள் வீட்டில் இருக்கக் கூடாது, உடம்பு தாங்க வேண்டும், செலவைச் சமாளிக்க முடிய வேண்டும், சபையில் நல்ல நிலையில் இருக்க வேண்டும். உங்கள் சபையை நடத்தும் ஆயரிடமும், பக்கத்துச் சபைகள் பலவற்றைச் சேர்த்துக் கவனிக்கும் பிணையத் தலைவரிடமும் நேர்காணல் நடக்கும். மருத்துவரும் பல் மருத்துவரும் பார்த்துப் படிவம் எழுதித் தர வேண்டும். பல்லை அலட்சியமாக விடாதீர்கள், தூர தேசத்தில் பல்வலி வந்தால் பாடு பெரிது.

கணவரை இழந்தவர்களும் கேட்கிறார்கள். தனியாக இருக்கும் பெண்கள் 40 வயதிலிருந்து விண்ணப்பிக்கலாம், இன்னொரு சகோதரியோடு இணைத்து அனுப்புவார்கள்.

எத்தனை மாசம்?

6, 12, 18 அல்லது 23 மாதம். விண்ணப்பிக்கும்போது நீங்களே சொல்லலாம். முதல் ஆறு மாதம் வழி கண்டுபிடிக்கவும் முகங்களைப் பழகவுமே போய்விடும், அதனால் முடிந்தவர்கள் 18 மாதத்துக்குக் குறையாமல் போகலாம் என்பது என் கருத்து.

சம்பளம் உண்டா? செலவெல்லாம் சபை பார்த்துக்கும்தானே?

சம்பளம் கிடையாது. செலவும் நம்முடையதுதான்: வாடகை, சாப்பாடு, மருந்து, காப்பீடு எல்லாம். வாடகைக்கு மட்டும் ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 2011 செப்டம்பரில் அந்த ஏற்பாடு வந்தபோது மாதம் 1,400 டாலர் என்று வைத்தார்கள், வீட்டுச் செலவு அதைத் தாண்டினால் மீதியைச் சபை ஏற்கும். வாடகை அதிகமான ஊர்களுக்கும் தம்பதிகள் போக முடிவது இதனால்தான். அதே அறிவிப்பில், 18 மாதத்துக்குக் குறைவாக வெளிநாடு போகிறவர்கள் போக வர விமானச் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும் என்றும் சொன்னார்கள். தொகைகள் காலத்துக்குக் காலம் மாறும், அதனால் கணக்குப் போடும் முன் உங்கள் பிணையத் தலைவரிடம் இன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பூட்டுவதா வாடகைக்கு விடுவதா, வரி யார் கட்டுவது, வங்கி விவகாரத்துக்கு யாருக்கு அதிகாரப் பத்திரம் எழுதுவது, உயில் தயாரா என்பதையெல்லாம் விமானம் ஏறும் முன்னே முடித்துவிடுங்கள். நாங்கள் ஒரு காகிதத்தை விட்டுவிட்டுப் போய், அந்த ஒரு கையெழுத்துக்காக மூன்று மாதம் அலைந்தோம்.

எந்த நாடுன்னு நாமே சொல்லலாமா?

விருப்பத்தைச் சொல்லலாம். எந்த ஊழியத்தில் எப்படிப்பட்ட தம்பதி தேவை என்ற பட்டியலைச் சபை வைத்திருக்கிறது, அதைப் பார்த்து இடத்தையும் வேலையையும் குறிப்பிடலாம். கடைசியில் அழைப்புக் கடிதத்தில் வருவதுதான் முடிவு. கேட்டது கிடைத்தவர்களும் உண்டு. எங்களுக்குக் கிடைக்கவில்லை. கடிதத்தைத் திறந்து வாசித்தபின் என் கணவர் உலக வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்த ஊரைத் தேடினார். அந்த இடம் என்று கேட்க எங்களுக்குத் தோன்றியிருக்காது. இன்று வேறு எந்த இடத்தையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும்?

இளம் ஊழியக்காரர்களுக்கு உள்ள நேர அட்டவணை எங்களுக்குக் கிடையாது. எப்போது எழுவது, எத்தனை மணி நேரம் வேலை என்பதை நாங்களே முடிவு செய்யலாம். காலையில் வேதம் வாசித்து ஜெபித்துவிட்டு ஒன்பது மணிக்கு ஊழிய அலுவலகம் போவோம். அங்கே விசா புதுப்பித்தல், வாடகை கட்டுதல், வண்டிகளின் பழுது, வரவு செலவுக் கணக்கு, வந்த கடிதங்களைப் பிரித்து அனுப்புதல் என்று வேலை ஓடிக்கொண்டே இருக்கும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இளையவர்களுக்கு இடமாற்றம் வரும், அந்த வாரம் வந்தால் மூச்சுவிட நேரமிருக்காது. சாவி மாட்டும் பலகை ஒன்று என் மேசைக்குப் பின்னால் இருந்தது, ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு வீட்டின் சாவி. அந்தப் பலகையைப் பார்த்தாலே யார் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மதியத்துக்குமேல் எங்களுக்குக் கொடுத்திருந்த கிளைக்குப் போவோம், சின்னச் சபையைக் கிளை என்போம். ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் வந்தால் நிறைந்த கூட்டம். கிளைத் தலைவர் பகலில் தன் வேலைக்குப் போகிறவர், எங்கள் சபையில் உள்ளூர்த் தலைவர்கள் யாருக்கும் சம்பளம் இல்லை. அவரோடு உட்கார்ந்து வருகைப் பதிவேடு பார்ப்போம், முதியவர்களைப் போய்ப் பார்ப்போம். நான் பதினொரு வயதுப் பெண் ஒருத்திக்கு விசைப்பலகை வாசிக்கக் கற்றுக்கொடுத்தேன். அந்தக் கிளையில் பாட்டுக்கு வாசிக்க ஆளே இல்லை, பதிவு செய்த இசையைப் போட்டுத்தான் பாடினார்கள். வாரத்தில் ஒரு நாள் ஆயத்த நாள், துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் ஊர் சுற்றிப் பார்க்கவும்.

அக்கா, வீடு வீடா கதவு தட்டணுமா? எனக்கு அது வரவே வராது.

தட்ட வேண்டாம். 18 மாதத்தில் நாங்கள் ஒரு கதவைக்கூட அப்படித் தட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயர்ப்பட்டையைப் பார்த்து என்ன இது என்று கேட்பார், சொல்வோம், அவ்வளவுதான். இந்த ஒரு பயத்தினாலேயே எத்தனையோ பேர் விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள், அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

மொழி தெரியாம எப்படிச் சமாளிச்சீங்க?

மூத்தவர்கள் மொழியில் தேர்ச்சி பெற்றுத்தான் போக வேண்டும் என்ற கட்டாயமில்லை. யூட்டாவில் புரோவோ நகரத்துப் பயிற்சி மையத்தில் எங்களுக்குக் கிடைத்தது சில நாள் பயிற்சிதான், அதில் மொழி வந்துவிடாது. அலுவலகத்தில் பிரச்சினையில்லை. கிளையில்தான் திண்டாடினேன். முதல் இரண்டு மாதம் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், வீட்டுக்கு வந்தால் சிரித்துச் சிரித்தே தாடை வலிக்கும்.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய், அதைக் குறைந்தது பத்துப் பேரிடம் சொல்லிவிடுவேன். "உங்கள் அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி?" என்பது என் மூன்றாவது வாரத்து வாக்கியம். அதைக் கேட்ட ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பேசினார். எனக்கு நான்கு சொற்கள்தான் புரிந்தன. ஆனாலும் அடுத்த வாரம் எனக்காகப் பக்கத்து இருக்கையில் தன் தொப்பியைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்.

இளம் ஊழியக்காரர்களுக்கு நீங்கதான் அப்பா அம்மாவா?

பொறுப்பு ஊழியத் தலைவருக்கும் அவர் மனைவிக்கும்தான். அவர்கள் மூன்று வருடம் இருப்பார்கள். ஆனால் நூறு, நூற்றைம்பது பிள்ளைகளை இரண்டு பேர் எப்படிப் பார்க்க முடியும்? அந்த இடைவெளியில்தான் நாங்கள் நின்றோம். வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது எங்கள் பொறுப்பு: புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, கரியமில வாயுவைவிட ஆபத்தான கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறதா, மெத்தை எந்த நிலையில் இருக்கிறது, குளிர்சாதனப் பெட்டியில் சாப்பிடக்கூடியது ஏதாவது இருக்கிறதா. பட்டியலை வைத்துக்கொண்டு போவோம், ஆனால் கண் பிள்ளைகளின் முகத்தில்தான் இருக்கும்.

ஒருநாள் ஒரு பையன் சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது என்று அலுவலகத்துக்கு வந்தான். தைக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தான், தைத்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. நான் இன்னொரு பொத்தானையும் அறுத்துவிட்டு மெதுவாகத் தைக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் பேசினான்.

இன்னொருவனுக்கு நடுராத்திரியில் குடல்வால் அறுவை சிகிச்சை. விடியும்வரை நான் வெளியே நாற்காலியில் இருந்தேன். மயக்கம் தெளிந்ததும் அம்மாவோடு பேச வேண்டும் என்றான், கைபேசியை அவன் காதருகே நான்தான் பிடித்துக்கொண்டேன். அந்தத் தாய் கடைசியில் என்னிடம் பேசக் கேட்டாள், பேச முடியாமல் அழுதாள். நானும்தான்.

நமக்கு உடம்புக்கு முடியாமப் போனா?

விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவ வசதியைப் பார்த்துத்தான் இடம் கொடுக்கிறார்கள். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் மறைத்துவிட்டுப் போனால் நல்ல மருத்துவமனைக்கு ஆறு மணி நேரம் பயணம் செய்ய வேண்டிய ஊரில் போய் மாட்டிக்கொள்வீர்கள். சொந்த நாட்டுக்கு வெளியே போகிறவர்களுக்குக் காப்பீடு அவசியம். அமெரிக்காவிலிருந்து போகிறவர்கள் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரை நம்ப வேண்டாம், அது பொதுவாக நாட்டு எல்லையைத் தாண்டாது.

மருந்தை அதன் சொந்தப் பெட்டியிலேயே, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், எனவே மருந்தின் மூலப்பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

24 மணி நேரமும் ரெண்டு பேரும் ஒண்ணாவே இருக்கணும். சண்டை வராதா?

இதைத் தனியாக அழைத்துத்தான் கேட்பார்கள். வரும். நாற்பது வருடம் அவர் வேலைக்குப் போனார், நான் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்தேன், மாலையில் சந்தித்துக்கொண்டோம். திடீரென்று ஒரே அறை, ஒரே மேசை, ஒரே வண்டி. அவர் பழக்கமில்லாத பக்கத்தில் வண்டி ஓட்டுவார், நான் பக்கத்தில் வழி சொல்வேன். இரண்டாவது வாரம் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டதில் ஆரம்பித்த பேச்சு முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு விஷயத்தில் போய் நின்றது. அன்று இரவு ஜெபத்துக்கு முழங்காலில் நின்றபோது இருவருக்குமே வார்த்தை வரவில்லை.

இளம் ஊழியக்காரர்கள் வாரம் ஒருமுறை தங்கள் ஜோடியோடு உட்கார்ந்து, நன்றாகப் போனதையும் மனதில் உறுத்துவதையும் ஒளிவுமறைவில்லாமல் பேசிக்கொள்வார்கள். அதை நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஞாயிறு மாலை, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. அவர் தன் வேலையை இழந்ததற்காக உள்ளுக்குள் துக்கப்பட்டுக்கொண்டிருந்தார் என்பது ஓய்வு பெற்று மூன்று வருடம் கழித்து, அங்கே அந்த மேசையில்தான் எனக்குத் தெரிந்தது. புதன்கிழமை மாலை இரண்டு மணி நேரம் ஆளுக்கொரு பக்கம் இருப்போம். இளையவர்களைப் போல எப்போதும் ஜோடியாகவே இருக்க வேண்டும் என்ற விதி மூத்த தம்பதிகளுக்கு இல்லை, அதனால் அவர் நடக்கப் போவார், நான் சன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். அந்த இரண்டு மணி நேரத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்கவில்லை.

பேரப்பிள்ளைங்களைப் பார்க்காம எப்படி இருந்தீங்க?

கஷ்டம்தான். காணொளி அழைப்பில் எப்போது வேண்டுமானாலும் பேசலாம், மூத்தவர்களுக்குத் தடையில்லை. நேர வித்தியாசம்தான் தொல்லை. நாங்கள் வாரம் ஒருநாள் நேரம் குறித்து, ஒரு கதைப் புத்தகத்தின் இரண்டு பிரதிகளில் ஒன்றை அவர்கள் வீட்டிலும் ஒன்றை எங்களிடமும் வைத்துப் படித்தோம். கடைசிப் பேத்தி நாங்கள் அங்கே இருந்தபோது பிறந்தாள். அவளை ஏழு மாதக் குழந்தையாகத்தான் முதலில் தூக்கினேன், அந்த ஏழு மாதத்துக்கு ஈடு எதுவும் இல்லை, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

நடுவுல வீட்டில் ஒரு சாவு, கல்யாணம்னா வர விடுவாங்களா?

விடுவார்கள். முக்கியமான குடும்பக் காரியம் என்றால் ஊழியத் தலைவரிடம் பேசிவிட்டு வரலாம், வழக்கமாக 7 முதல் 10 நாள், செலவு நம்முடையது. இதுவும் அந்த 2011 ஏற்பாட்டில் வந்ததுதான். இந்தப் பயணத்துக்கான பணத்தைக் கிளம்பும் முன்பே ஒதுக்கி வையுங்கள். வயதான பெற்றோர் இருந்தால் கட்டாயம்.

டீ, காபி கொடுத்தா எப்படி வேண்டாம்னு சொல்றது? அவங்க மனசு நோகாதா?

நாங்கள் டீ, காபி, மது, புகையிலை எதையும் தொடுவதில்லை, அது ஞான வார்த்தை என்று நாங்கள் சொல்லும் சபையின் உடல்நல விதி. ஒரு வீட்டில் கோப்பையில் ஊற்றிய பிறகு மறுத்தால்தான் மனம் நோகும். உள்ளே போகும்போதே "ஒரு டம்ளர் தண்ணீர் கிடைக்குமா, தாகமாக இருக்கிறது" என்று நாமே கேட்டுவிட்டால் அவர்களுக்குக் கொடுத்த திருப்தி, நமக்கும் நிம்மதி.

மதம் பரப்பத் தடை இருக்கிற நாட்டுக்கும் தம்பதிகளை அனுப்புறாங்களே, மறைமுகமா அதைத்தானே செய்யறீங்க?

நியாயமான கேள்வி. அப்படிப்பட்ட நாடுகளுக்குப் போகிறவர்கள் மனிதநேயப் பணிக்குத்தான் போகிறார்கள். சக்கர நாற்காலி, சுத்தமான குடிநீர், பிறந்தவுடன் மூச்சுவிடாத குழந்தைகளைக் காப்பாற்ற மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி போன்றவை. அந்த நாட்டின் சட்டத்தை மீறக் கூடாது என்பது சபையின் கண்டிப்பான நிலை, பேச்சை மதத்தின் பக்கம் திருப்பவும் கூடாது. சக்கர நாற்காலியில் உட்காரும் குழந்தையிடம் அதற்குப் பதிலாக எதையும் எதிர்பார்த்தால் அது உதவியே அல்ல என்று நான் நம்புகிறேன், அப்படி எதிர்பார்க்கிறவர்கள் போகாமல் இருப்பதே நல்லது.

ஏழ்மையைப் பார்த்தா பணம் கொடுக்கத் தோணுமே, கொடுக்கலாமா?

கொடுத்தோம், தவறு செய்தோம். கிளையில் ஒரு சகோதரி மகனின் பள்ளிக் கட்டணத்துக்குக் கேட்டார், யாருக்கும் சொல்லாமல் கொடுத்தோம். அதற்கு அடுத்த வாரம் எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கடுத்த வாரம் வரவில்லை. நாங்கள் திருப்பிக் கேட்கவே இல்லை, ஆனாலும் எங்கள் முகம் அவருக்குக் கடனாகத் தெரிந்தது. அவர் மறுபடி வந்து முன்வரிசையில் உட்கார ஐந்து மாதம் ஆனது.

அதன்பின் யார் கேட்டாலும் கிளைத் தலைவரிடம் அனுப்பினோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, வழக்கமாக முதல் ஞாயிறு, எல்லோரும் இரண்டு வேளை உபவாசம் இருந்து அந்தச் சாப்பாட்டுச் செலவையாவது காணிக்கையாகக் கொடுப்போம், அது தேவைப்படுகிறவர்களுக்குப் போகும். அவருக்குத்தான் அந்தக் குடும்பங்களைத் தெரியும், நாம் போன பிறகும் அங்கே இருக்கப்போகிறவரும் அவர்தான். உங்கள் உபவாசக் காணிக்கையைத் தாராளமாகக் கொடுங்கள், கையில் கொடுக்காதீர்கள்.

ஒண்ணுமே செய்யலைன்னு தோணாதா? பாதியில் திரும்பிடலாம்னு நினைச்சதுண்டா?

நான்காவது மாதம் நினைத்தேன். இளையவர்களுக்கு ஞானஸ்நானம் நடக்கும், பெயர் சொல்லலாம், எங்களிடம் காட்ட என்ன இருந்தது? சாவிப் பலகையும் வாடகை ரசீதும். என் கணவர் எதுவும் சொல்லாமல் என் நாட்குறிப்பை எடுத்துக் கொடுத்தார். அந்த மாதத்தில் மட்டும் நாற்பத்திரண்டு பெயர்கள் எழுதியிருந்தேன், ஒவ்வொருவர் பக்கத்திலும் முழங்கால், மகனின் தேர்வு, வேலை போனது என்று ஒரு சொல். வந்தபோது எனக்கு அவர்களில் ஒருவரைக்கூடத் தெரியாது. அந்த நாற்பத்திரண்டு பேரை விட்டுவிட்டுக் கிளம்ப மனம் வரவில்லை.

உடல்நிலையாலோ குடும்ப நிலையாலோ உண்மையிலேயே முடியாவிட்டால் தலைவரிடம் பேசித் திரும்பலாம், அதில் எந்த வெட்கமும் இல்லை.

திரும்பி வந்தப்புறம் எப்படி இருந்துச்சு?

பிணையத் தலைவர் வீட்டுக்கு வந்து எங்களை முறைப்படி விடுவித்தார். பெயர்ப்பட்டையைக் கழற்றச் சொன்னபோது என் கணவரின் விரல் அந்த ஊக்கை எடுக்கத் தடுமாறியது. சில வாரம் காலை ஒன்பது மணி ஆனதும் இருவருக்கும் எங்கோ போக வேண்டும் போல இருந்தது. புதன்கிழமை இரண்டு மணி நேரமும் ஞாயிறு மாலைப் பேச்சும் இன்னும் நடக்கின்றன.

அந்தப் பதினொரு வயதுப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, இப்போது பதின்மூன்று. நாங்கள் கிளம்பும்போது மூன்று பாடல்கள் தெரியும். ஞாயிறுதோறும் அவள் வாசித்ததை அம்மா பதிவு செய்து அனுப்புகிறார். போன வாரம் வந்தது பன்னிரண்டாவது பாடல், நடுவில் ஓரிடத்தில் தடுக்கி நின்று, கூட்டம் காத்திருக்க, மறுபடி தொடங்கி முடித்திருந்தாள்.